குளிர் குற்றவாளி அல்ல

1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயதையொட்டிய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஐவருக்கும் நோய் எதுவும் இல்லை. எழுந்து நடக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. சுவீடனைச் சேர்ந்த உடலியல் அறிஞர் பெங்க்ட் சால்ட்டினும் டல்லாஸ் மருத்துவர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்பதைப் படுப்பதற்கு முன்பும் பின்பும் அளந்தார்கள். மூன்று வாரத்தில் அது கால் பங்குக்கும் மேல் சரிந்திருந்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். எல்லோருக்கும் வயது ஐம்பது. எடை கூடியிருந்தது, உடல் கொழுப்பு இரண்டு மடங்காகியிருந்தது. ஆனாலும் அவர்களுடைய ஆக்சிஜன் திறன், இருபது வயதில் படுக்கையை விட்டு எழுந்த அன்று இருந்ததைவிட மேலாகவே இருந்தது. முப்பது வருட மூப்பு செய்யாத சேதத்தை மூன்று வாரம் சும்மா கிடந்தது செய்திருக்கிறது. இன்னொரு தகவல் இதைவிட நம்பிக்கை தருவது. அந்த ஐம்பது வயதுக்காரர்களுக்கு ஆறு மாதம் படிப்படியாக நடை, ஓட்டம், மிதிவண்டிப் பயிற்சி கொடுத்ததும் இழந்த திறனை ஏறக்குறைய முழுவதுமாக மீட்டுவிட்டார்கள்.

குளிர்காலத்தில் யாரும் மூன்று வாரம் கட்டிலிலேயே கிடப்பதில்லைதான். ஆனால் டொராண்டோ போன்ற ஒரு நகரத்தின் டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் பிராம்ப்டனிலும் தமிழர்கள் நிறைய வாழும் பகுதி அது. காலை ஏழேமுக்காலுக்கு விடிந்து, மாலை நாலேமுக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொன்றரை மணி நேரம் நீளும். டொராண்டோவில் அது ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. வீட்டிலிருந்து காருக்கு, காரிலிருந்து அலுவலகத்துக்கு, அங்கிருந்து சோபாவுக்கு என்று நவம்பர் முதல் மார்ச் வரை போகிறவர்களுக்கு நடை என்பதே பார்க்கிங்கிலிருந்து லிஃப்ட் வரைதான். நன்றாகப் பயிற்சி பெற்ற வீரர்களே ஓட்டத்தை நிறுத்தினால் முதல் மூன்று வாரத்தில் ஆக்சிஜன் திறனில் 7 சதவீதமும், எட்டு வாரத்தில் சுமார் 16 சதவீதமும் இழப்பதாக 1984இல் எட்வர்ட் காய்ல் குழுவினர் அளந்து காட்டினார்கள். கனடாவின் குளிர்காலம் எட்டு வாரத்தில் முடிகிற சமாச்சாரம் இல்லை.

சரி, ஓடலாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் முதலில் எழும் கேள்வி: இந்தக் குளிரிலா?

உடலின் கணக்கு வேறு மாதிரி. தசைகள் எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாறுவதில்லை. மிச்சம் வெப்பமாகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அவர் உடலில் 600 வாட்டுக்குக் குறையாத வெப்பம் உண்டாகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உண்டாவதைப் போல இது ஆறேழு மடங்கு. ஓடுகிறவர் தனக்குள் ஒரு சிறிய இஸ்திரிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார் என்றே சொல்லலாம். சென்னையில் மே மாதக் காலையில் ஓடுகிறவருக்கு இந்த வெப்பத்தை வெளியேற்றுவதே பெரும்பாடு. தோலுக்கு ரத்தத்தை அனுப்ப வேண்டும், வியர்வையைச் சுரக்க வேண்டும், அது ஈரக்காற்றில் காய வேண்டும். தசைக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு இதற்கே செலவாகிவிடும். குளிர்ந்த காற்றில் அந்தச் செலவு மிச்சம். நெடுந்தூர ஓட்டத்தின் சிறந்த நேரங்கள் பெரும்பாலும் 5 முதல் 10 டிகிரி வரையிலான குளிரில் பதிவாவதும், வெப்பநிலை 25ஐ நோக்கி ஏற ஏற எல்லோரும் மெதுவாவதும் மாரத்தான் பதிவேடுகளை அலசிய ஆய்வுகளில் தெளிவாகத் தெரிகின்றன.

பூஜ்யத்துக்குக் கீழே போனால்? இதற்கு ஜப்பானின் யூகி கவாவுச்சியிடம் விடை இருக்கிறது. சைதாமா மாகாண அரசில் முழுநேர ஊழியராக இருந்துகொண்டே ஓடிப் பெயர் வாங்கியவர். 2018 புத்தாண்டு அன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மார்ஷ்ஃபீல்டு என்ற ஊரில், மைனஸ் 17 டிகிரியில் ஒரு முழு மாரத்தானை 2 மணி 18 நிமிடம் 59 வினாடியில் ஓடி முடித்தார். அதே ஆண்டு ஏப்ரலில் அதே மாநிலத்தில் பாஸ்டன் மாரத்தான். வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே நாலைந்து டிகிரி. ஆனால் கொட்டும் மழை, முகத்தில் அறையும் எதிர்க்காற்று. முன்னணி வீரர்கள் பலர் பாதியிலேயே விலகினார்கள். உடல் நடுங்கி மருத்துவக் கூடாரங்களுக்குப் போனவர்களோ ஏராளம். ஆண்கள் பிரிவில் வென்றவர் கவாவுச்சிதான். பெண்கள் பிரிவில் வென்ற டெசிரீ லிண்டன் எடுத்துக்கொண்ட 2 மணி 39 நிமிடம் 54 வினாடி, பல பத்தாண்டுகளில் அங்கே பதிவான மிக மெதுவான வெற்றி நேரம். உலர்ந்த மைனஸ் 17இல் ஓடிவிடலாம், நனைந்த பிளஸ் 4இல் தேறுவது கஷ்டம் என்பதை இந்த இரண்டு நாட்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகின்றன. தெர்மாமீட்டர் சொல்லும் எண் பாதிக் கதைதான். மீதிக் கதை காற்றும் ஈரமும்.

காற்றை முதலில் பார்ப்போம். நம் தோலை ஒட்டி உடல் தானே சூடாக்கிய ஒரு மெல்லிய காற்றுப் படலம் எப்போதும் இருக்கிறது. காற்று வீசும்போது அந்தப் படலம் கலைந்து, புதிய குளிர்க்காற்று தோலைத் தொடுகிறது. இந்த இழப்பை முதலில் அளந்தவர்கள் அண்டார்டிகாவில் தங்கியிருந்த பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இரு அமெரிக்கர்கள். 1941 குளிர்காலத்தில் ஒரு பிளாஸ்டிக் உருளையில் 250 கிராம் தண்ணீரை நிரப்பி வெளியே தொங்கவிட்டு, வெவ்வேறு காற்று வேகத்தில் அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டார்கள். அந்தத் தண்ணீர்ப் புட்டிக் கணக்கைத்தான் வட அமெரிக்க வானிலை அறிக்கைகள் நெடுங்காலம் நம்பியிருந்தன. மனித முகம் பிளாஸ்டிக் புட்டி இல்லையே என்ற சந்தேகம் வலுத்தபோது, 2001இல் கணக்கைத் திருத்தியது டொராண்டோவில்தான். அங்குள்ள ராணுவ மருத்துவ ஆய்வகத்தின் குளிர்க்காற்றுச் சுரங்கத்தில் ஆறு ஆண்களும் ஆறு பெண்களும் முகத்தில் உணரிகளை ஒட்டிக்கொண்டு ட்ரெட்மில்லில் நடந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரின் கன்னமும் மூக்கும் கொடுத்த அளவுகளிலிருந்து பிறந்ததே இன்றைக்கு கனடாவிலும் அமெரிக்காவிலும் டிவியில் சொல்லும் 'விண்ட் சில்'. பழைய கணக்கு குளிரைக் கொஞ்சம் மிகைப்படுத்தியே காட்டிக்கொண்டிருந்தது என்பதும் அப்போது தெரிந்தது.

இதன்படி வெப்பநிலை மைனஸ் 10, காற்றின் வேகம் மணிக்கு 20 கி.மீ. என்றால் முகத்துக்கு அது காற்றே இல்லாத மைனஸ் 18 போலப் படும். ஓடுகிறவர் தன் பங்குக்கு ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். 10 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றில் ஓடினால் முகத்தில் மோதுவது 30 கி.மீ. காற்று. தோராயமாக மைனஸ் 20. திரும்பி, காற்றை முதுகுக்கு வாங்கி ஓடும்போது மோதும் காற்று 10 கி.மீ.தான். மைனஸ் 15. அதனால்தான் அனுபவசாலிகள் போகும்போது காற்றை எதிர்த்துப் போய், வரும்போது காற்றோடு வருகிறார்கள். மாற்றிச் செய்தால், வியர்த்து நனைந்த பிறகு எதிர்க்காற்றில் வீடு திரும்ப வேண்டியிருக்கும். பாஸ்டனின் சிறு பதிப்பு அது. மறைக்காத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறைந்துபோகும் ஆபத்து, விண்ட் சில் மைனஸ் 28ஐத் தொடும்போது தொடங்குகிறது என்கிறது கனடாவின் வானிலைத் துறை. அப்படிப்பட்ட நாளில் ட்ரெட்மில்லுக்குப் போவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஈரம் இன்னும் நயவஞ்சகமானது, ஏனென்றால் அது நாமே வரவழைத்துக்கொள்வது. தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். புதிதாக ஓட வருகிறவர்களின் வழக்கமான பிழை, வாசலில் நிற்கும்போது குளிராமல் இருக்கும் அளவுக்கு உடுத்திக்கொண்டு கிளம்புவது. உள்ளே பருத்தி பனியன், மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேலே கனத்த ஜாக்கெட். பத்து நிமிடத்தில் இஸ்திரிப்பெட்டி முழு வேகத்தில் வேலை செய்ய, பருத்தி வியர்வையைக் குடித்துத் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் போதும், அந்த ஈரம் உடலின் வெப்பத்தை உறிஞ்சத் தொடங்கிவிடும். வெயிலூரில் பருத்திக்கு நிகர் இல்லை என்று வளர்ந்த நமக்கு இதை ஏற்பது கொஞ்சம் கடினம்தான். ஆனால் இங்கே தோலைத் தொடும் துணி மெல்லிய பாலியெஸ்டராகவோ மெரினோ கம்பளியாகவோ இருக்க வேண்டும். மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் ஒன்று போதும். வெளியே இருப்பதைவிடப் பத்து டிகிரி கூடுதல் வெப்பம் என்று நினைத்து உடுத்துங்கள் என்பது ஓட்டக்காரர்களின் வாய்மொழி விதி. முதல் ஐந்து நிமிடம் சிலிர்க்க வேண்டும். சிலிர்க்கவில்லையென்றால் அதிகம் போட்டிருக்கிறீர்கள்.

கை, காது, மூக்கு ஆகியவற்றுக்கு மட்டும் சலுகை இல்லை. குளிர் பட்டதும் உடல் தன் நடுப்பகுதியைக் காக்க, ஓரங்களுக்குப் போகும் ரத்த நாளங்களைச் சுருக்கிவிடும். விரல்கள் பலியாவது அதனால்தான். உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகவே போகிறது என்ற நம்பிக்கையில் உண்மை இல்லை. தலை உடல் பரப்பில் பத்தில் ஒரு பங்கு, வெப்ப இழப்பும் ஏறத்தாழ அவ்வளவே. ஆனாலும் நம் ஊர் மார்கழிப் பெரியவர்களின் குரங்குக் குல்லா காதையும் கழுத்தையும் ஒருசேர மூடுவதால், அதை வடிவமைத்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அடுத்த பயம் நுரையீரல். குளிர்க்காற்றை இழுத்தால் நுரையீரல் உறைந்துவிடும் என்று பலர் மெய்யாகவே நம்புகிறார்கள். 1980களில் அமெரிக்க மருத்துவர் மெக்ஃபேடன் குழுவினர், ஆரோக்கியமானவர்களின் மூச்சுக்குழல்களுக்குள் நுண்ணிய வெப்பமானிகளை இறக்கி, மைனஸ் 18 டிகிரிக் காற்றை வேகமாகச் சுவாசிக்கவைத்துப் பார்த்தார்கள். நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்று இழுக்கும் கடுமையான சுவாசத்திலும் தொண்டைக்குக் கீழே, குழலின் தொடக்கத்திலேயே காற்று சுமார் 20 டிகிரிக்கு வந்துவிட்டது. உள்ளே போகப் போக 30ஐத் தாண்டியது. உறைவதற்கு வழியே இல்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. மைனஸ் 10 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டரில் இரண்டு கிராம் சொச்சம் ஈரத்தைத்தான் தாங்கும். நுரையீரலுக்குள் அதே கன மீட்டருக்கு 44 கிராம் வேண்டும். இடைவெளியை நிரப்புவது மூச்சுக்குழலின் ஈரச் சுவர்கள். ஒரு மணி நேர ஓட்டத்தில் இப்படி ஏறக்குறைய 100 மில்லி தண்ணீர் மூச்சாகவே போய்விடும். சுவர்கள் காயும்போது அவற்றில் உப்பின் செறிவு கூடி, செல்கள் எரிச்சலடைந்து, குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. ஓடி முடித்த சில நிமிடங்களில் வரும் வறட்டு இருமலுக்கும் இழுப்புக்கும் இதுவே காரணம். ஆண்டுக்கணக்கில் குளிர்க்காற்றை வேகமாக இழுக்கும் பனிச்சறுக்கு வீரர்களிடம் ஆஸ்துமா மிக அதிகம் என்று சுவீடன் மருத்துவர்கள் 1993இல் எழுதினார்கள். வாரத்தில் மூன்று நாள் மெதுவாக ஓடுகிறவர் அந்த நிலைக்குப் போக மாட்டார். மூக்கையும் வாயையும் மூடிய ஒரு மஃப்ளர், வெளிவிடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து அடுத்த மூச்சுக்குத் திருப்பித் தருகிறது. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

இதயத்தைப் பற்றி இன்னும் கறாராகப் பேச வேண்டும், நம்மவர்கள் விஷயத்தில் குறிப்பாக. குளிரில் நாளங்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயம் கூடுதலாக உழைக்கிறது. கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 20 செ.மீ. பனி விழுந்த மறுநாள் மாரடைப்போடு அனுமதிக்கப்படும் ஆண்களின் எண்ணிக்கை 16 சதவீதம் கூடியிருந்தது. மண்வாரியோடு பனி அள்ளப் போனவர்கள் என்பதே ஆய்வாளர்களின் ஊகம். பழக்கமில்லாத உடல், திடீர் உழைப்பு, குளிர் ஆகிய மூன்றும் சேரும் இடம் அது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாக, சராசரியாக 53 வயதிலேயே வருகிறது என்று 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியிருக்கிறது. நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரை அல்லது ரத்தக் கொதிப்பு உள்ளவர், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இதய நோய் இருந்தவர் யாராக இருந்தாலும் காலணி வாங்கும் முன் ஒரு இசிஜியும் மருத்துவரின் சம்மதமும் வாங்குவது நல்லது. தாடையிலோ இடது கையிலோ பரவும் வலி, நெஞ்சில் பாரம் என்று எது வந்தாலும் அந்த நிமிடமே ஓட்டத்தை நிறுத்தி உதவிக்கு அழைக்க வேண்டும்.

இவ்வளவும் கேட்ட பிறகு, உண்மையில் புதியவர்களை வீட்டுக்கு அனுப்புவது எது என்று பார்த்தால் சப்பென்று இருக்கும்: முழங்காலும் கெண்டைக்காலும். புதியவர்கள் 1000 மணி நேரம் ஓடினால் சுமார் 18 காயங்கள், பழகியவர்கள் ஓடினால் 8க்கும் குறைவு என்கிறது பல ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கணக்கு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்குவது குறைந்துவிட்டதே என்று மூன்றாம் வாரம் வேகத்தைக் கூட்டுகிறவர் நான்காம் வாரம் நொண்டுகிறார். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்ற பிரபலமான விதியைச் சொல்லி இதற்குத் தீர்வு தருவார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட புதியவர்களை இரு குழுவாகப் பிரித்து அந்த விதியைச் சோதித்தார்கள். விதிப்படி மெல்ல ஏறிய குழுவிலும் சற்று வேகமாக ஏறிய குழுவிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். பத்து என்ற எண்ணில் மந்திரம் ஏதுமில்லை. வலித்தால் மறுநாள் ஓடாமல் இருப்பதுதான் இதுவரை நம்பத் தகுந்த விதி.

தொடங்குவதற்கு எளிய வழி ஒன்று 1996இலேயே வந்துவிட்டது. ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், தன் அம்மாவை ஓடவைக்க எண்ணி வகுத்த ஒன்பது வாரத் திட்டம் அது. முதல் வாரம் ஐந்து நிமிடம் நடை, பிறகு 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை என்று இருபது நிமிடம். வாரத்தில் மூன்றே நாள். முடிவில் 5 கி.மீ. அல்லது அரை மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். பின்னர் பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையே இதை எடுத்துக்கொண்டது. ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியவில்லையென்றால் வேகம் அதிகம். குளிர்காலத்துக்கு இந்த மெதுவான வேகம் இரட்டை வசதி: வியர்வையும் குறையும், மூச்சுக்குழல் காய்வதும் குறையும்.

தரையைப் பற்றி ஒரே சொல்: கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் பனி படிந்த நாளில் ஓடாதீர்கள். மிதித்தால் நொறுங்கும் புதுப்பனியில் எட்டு வைக்கும் தூரத்தைக் குறைத்து, பாதம் உடலுக்கு நேர் கீழே விழும்படி ஓடலாம். காலணியில் மாட்டும் கம்பிப் பற்கள் கடையில் கிடைக்கின்றன.

குளிரில் வெளியே ஓடினால் வைட்டமின் டி கிடைக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பாஸ்டன் அட்சரேகையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலில் நின்றாலும் தோலில் அது உருவாவதில்லை என்று 1988இலேயே சோதித்துவிட்டார்கள். டொராண்டோ அதற்கும் சற்று வடக்கே. கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் ஒளி வேண்டும். ஆகவே வைட்டமின் டிக்கு மாத்திரைதான். ஆனால் மேகம் மூடிய பகலிலும் வெளியே இருக்கும் வெளிச்சம், அலுவலக விளக்கொளியைப் போலப் பல மடங்கு. குளிர்கால மனச்சோர்வுக்கு ஒளியே மருந்தாவதை 1984இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தால் விவரித்த பிறகு, மதிய இடைவேளையில் ஓடுகிறவர்கள் தங்கள் நல்ல மனநிலைக்கு ஒரு காரணம் சொல்லிக்கொள்ள முடிகிறது.

டொராண்டோவுக்கு மேற்கே மில்டன் ஊரில் எட் விட்லாக் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் இருந்தார். பயிற்சியாளர் இல்லை. வீட்டருகே ஒரு கல்லறைத் தோட்டம். அதன் குறுகிய பாதையில் மணிக்கணக்கில், நாளுக்கு மூன்று மணி நேரம் வரைகூட, மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓடுவார். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் சிறு வட்டத்தில் எதிர்க்காற்று நெடுநேரம் நீடிக்காது, களைத்தால் வீடு பக்கத்தில் என்று யோசித்தால் குளிர்கால ஓட்டத்துக்கு அதைவிடப் புத்திசாலியான பாதை கிடைப்பது அரிது. 2003இல் 72 வயதில் மூன்று மணி நேரத்துக்குள் மாரத்தான் ஓடினார். எழுபதைத் தாண்டியவர்களில் அதைச் செய்த முதல் மனிதர் அவர். 2016இல் டொராண்டோவில், 85 வயதில், 3 மணி 56 நிமிடம் 34 வினாடி.

அதே ஒன்டாரியோவில், ஹாமில்டன் நகரின் விரிகுடாவைச் சுற்றி 30 கி.மீ. ஓடும் போட்டி 1894இல் தொடங்கியது. பாஸ்டன் மாரத்தானைவிட மூன்று ஆண்டு மூத்தது. மார்ச் இறுதியில் நடப்பதால், அதற்குத் தயாராகிறவர்கள் குளிர்காலம் முழுதும் ஓடியே ஆக வேண்டும். அதோடு 5 கி.மீ. ஓட்டமும் உண்டு. டிசம்பர் நடுவில் முதல் 60 வினாடி ஓட்டத்தைத் தொடங்கும் ஒருவர், ஜலதோஷத்துக்கும் கண்ணாடிப் பனிக்கும் மூன்று வாரம் விட்டுக்கொடுத்தாலும், அந்த 5 கி.மீ. வரிசையில் நிற்க நேரம் மிச்சம் இருக்கும்.